இரு பேரேடுகள்: ஆகாயப் போரின் சரித்திராசிரியர்

ஆகாய விமானத்தைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இராவணேசுவரனுடைய புட்பக விமானத்திலிருந்தே தொடங்குவர். இலங்கையிலிருந்து எழுதுவோர்க்கு அவ்வாசை இன்னும் மிகுதி. நாம் புட்பகத்தை இராமாயணத்துக்கே விட்டுவிட்டு, விமானம் போர்க்கருவியாகிய பின்னர் அப்போரின் சரித்திரத்தை எழுதுவதைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்ட சிலரைப் பற்றி ஈண்டு ஆராய விரும்புகின்றோம். அவர்கள் படைத்தலைவர் அல்லர். பெரும்பாலோர் விமானிகளும் அல்லர். ஒருவர் காணியும் கட்டடமும் அளந்து மதிப்பிடும் தொழிலுடையவர். மற்றொருவர் வைத்தியர். ஓய்வு நேரத்திற் பழைய பதிவேடுகளைப் புரட்டியே பெருநூல்களை ஆக்கியவர்கள். வன்னியில் வாழும் நமக்கு இவர்களுடைய தொழில் ஏன் தெரிந்திருத்தல் வேண்டும் என்பது கட்டுரை செல்லச் செல்ல விளங்கும்.

தரையில் நிகழும் போருக்குக் களம் என்று ஓர் இடம் உண்டு. அந்தி வேளையில் எவன் கையில் அக்களம் எஞ்சுகின்றதோ அவன் வீழ்ந்தவரை எண்ணலாம். உடைந்த தேரையும் இறந்த யானையையும் காட்டலாம். வானத்துப் போருக்கு அவ்வாறு ஒரு களம் இல்லை. மணிக்கு 300 மைல் வேகத்தில் எதிரெதிரே வரும் இரண்டு விமானங்கள் ஒரு செக்கனில் 250 மீற்றருக்கு மேல் ஒன்றையொன்று நெருங்குகின்றன. சுடுவதற்குக் கிடைப்பது ஓரிரு செக்கன். சுட்டவன் திரும்பிப் பார்ப்பதற்குள் வேறொருவன் அவனுடைய முதுகிற் சுட வந்துவிடுகின்றான். கீழே புகையொன்று செல்வதை அவன் காண்கின்றான். அஃது எரிகின்ற விமானமா, தப்பியோடுதற்கு இயந்திரத்தை முழுவிசையில் இயக்கிக் கீழ்நோக்கிப் பாயும் விமானமா என்பதை நின்று பார்த்தறிய அவனுக்கு அவகாசமில்லை. ஒரே விமானத்தை மூவர் சுட்டிருப்பர். மூவரும் தளத்துக்கு மீண்டு, தாம் ஒன்றை வீழ்த்தினோம் என்று தனித்தனியே கூறுவர். மூவரும் மெய்யே கூறுகின்றனர். ஆயினும் கூட்டுத்தொகை பொய்யாகிவிடுகின்றது.

இதற்கு யாவரும் அறிந்த சான்று 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள். இங்கிலாந்தின் வானத்தில் அன்று நிகழ்ந்த போரில் 185 ஜேர்மன் விமானங்கள் வீழ்த்தப்பட்டன என்று பிரித்தானியா அறிவித்தது. யுத்தம் முடிந்தபின் ஜேர்மனியருடைய ஏடுகளை எடுத்துப் பார்த்தபொழுது, அன்று அவர்கள் இழந்தவை அறுபதளவிலேயே இருந்தன. மூன்றுக்கு ஒன்று! பிரித்தானியர் பொய்யர் என்று இதனாற் கூறிவிடுதல் எளிது. ஜேர்மனியரும், பின்னர் யப்பானியரும், அமெரிக்கரும் இதே வகையாகத் தத்தம் வெற்றியைக் கூட்டியே எண்ணினர் என்பதை அறிந்தவர் அவ்வாறு கூறார்.

தமிழ் படித்தோர்க்கு இச்செய்தி முற்றும் புதியதன்று. போரில் ஆயிரம் யானைகளைக் கொன்று வென்றவனுக்கே பரணி பாடுதல் உரியது என்பது பாட்டியல் நூலார் வகுத்த இலக்கணம். அந்த ஆயிரத்தை நின்று எண்ணியவர் யார் என்று எந்த மாணவனும் வகுப்பிற் கேட்டதில்லை. கேட்டிருப்பின் ஆசிரியர் பாடு சற்றுச் சங்கடமாயிருந்திருக்கும். முதற் குலோத்துங்கனுடைய படைத்தலைவனாகிய கருணாகரத் தொண்டைமான் கலிங்கத்தை வென்றதைச் சயங்கொண்டார் பாடினார். தோற்ற கலிங்கத்தார் தம் யானைச்சாலைக் கணக்கை எங்கேனும் எழுதி வைத்திருந்து, அஃது இன்று நமக்குக் கிடைக்குமாயின் எத்துணை நன்றாயிருக்கும்! காவியத்தின் சுவை அதனாற் குறைந்துவிடாது. சரித்திரம் மட்டும் திருந்தும்.

கலிங்கத்தார் ஏடு கிடைக்கவில்லை. ஆகாயப் போரைப் பொறுத்தவரையில் அத்தகைய ஏடுகள் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து, வென்றேன் என்றவன் ஏட்டுக்கு அருகே தோற்றவன் ஏட்டை வைத்துப் பார்த்தவர்களுள் முன்னிற்பவர் கிறிஸ்தோபர் ஷோர்ஸ் என்னும் ஆங்கிலேயர். முன்னர் நாம் குறித்த காணி, கட்டட மதிப்பீட்டாளர் இவரே. 1966ஆம் ஆண்டில் கிளைவ் வில்லியம்ஸ் என்பவருடன் சேர்ந்து இவர் வெளியிட்ட ‘ஏசஸ் ஹை’ என்னும் நூல், ஐந்தும் அதற்கு மேலும் எதிரி விமானங்களை வீழ்த்தியவரெனப்பட்ட பிரித்தானிய, பொதுநலநாட்டு விமானிகளின் வரிசை. அந்நூல் பெரும்பாலும் ஒரு தரப்பின் ஏட்டைக் கொண்டே ஆக்கப்பட்டது. விமானிகள் கோரிய தொகைகளை ஒழுங்குபடுத்தித் தந்தது. அவ்வளவில் நின்றிருந்தால் ஷோர்ஸைப் பற்றி நாம் எழுத வேண்டுவதில்லை.

மூன்று ஆண்டுகள் கழித்து, 1969இல், அவர் வட ஆபிரிக்கப் பாலைவனத்தின் மேல் நிகழ்ந்த விமானப் போரைப் பற்றி மற்றொரு நூலை எழுதினார். இம்முறை அவருக்குத் துணையாசிரியராய் அமைந்தவர் ஹான்ஸ் றிங் என்னும் ஜேர்மன் ஆராய்ச்சியாளர். ஒருவர் தம் நாட்டின் ஏட்டைக் கொணர்ந்தார். மற்றவர் முன்னாட் பகைநாட்டின் ஏட்டைக் கொணர்ந்தார். நாள் நாளாக, மணி மணியாக, இரண்டையும் எதிரெதிரே வைத்து ஒப்பிட்டனர். பின்னர் இத்தாலியருடைய ஏட்டுக்கு இத்தாலிய ஆராய்ச்சியாளரையும், யப்பானியருடைய ஏட்டுக்கு யப்பானியரையும் ஷோர்ஸ் துணைக்கொண்டார். அவருடைய நூல்களின் முகப்பிற் பகைநாட்டுப் பெயர்கள் அருகருகே நிற்பது அலங்காரமன்று. அதுவே அவருடைய ஆராய்ச்சி முறை. இன்னுமொன்று குறிப்பிடத் தக்கது. 2012ஆம் ஆண்டுமுதல் மத்தியதரைக் கடற் பிரதேசத்தின் விமானப் போரைப் பல பாகங்களாக அவர் வெளியிட்டபோது, 1969இல் எழுதிய அதே பாலைவனப் போரைப் புதிதாய்க் கிடைத்த ஏடுகளைக் கொண்டு மீண்டும் எழுதினார். தாம் எழுதிப் பெயர் பெற்ற நூலை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்துத் தாமே திருத்தும் மனம் எத்தனை நூலாசிரியர்க்கு வாய்க்கும்!

இம்முறைக்கு ஆதாரமான கொள்கை ஒன்று உண்டு. அஃது எளிது, ஆயினும் மாணவர் நன்கு உளங்கொள்ளத் தக்கது. ஒரு படை எதிரியைப் பற்றி எழுதிவைத்த கணக்கை ஐயுறுக. தன்னைப் பற்றித் தானே எழுதிவைத்த கணக்கை நம்புக. ஏனெனில், பத்திரிகைக்கு விடும் அறிக்கையில் ஒரு படை தன் இழப்பை மறைக்கலாம். பண்டகசாலை ஏட்டில் மறைத்தல் இயலாது. விமானம் போயிற்று என்று எழுதினாலன்றிப் புதிய விமானம் வராது. விமானி இறந்தான் என்று எழுதினாலன்றி அவன் சம்பளம் நிறுத்தப்படாது. அவன் தாய்க்குக் கடிதம் போகாது. அவனிடத்துக்கு வேறொருவன் அனுப்பப்படான். கடை வைத்திருக்கும் எவருக்கும் இது விளங்கும். ஊராருக்குச் சொல்லும் இலாபம் வேறு. பேரேட்டில் எழுதும் நட்டம் வேறு.

பிரித்தானிய ஆகாயப்படையின் ஒவ்வோர் அணியும் 540, 541 என எண்ணிட்ட படிவங்களில் தன் அன்றாட நடவடிக்கைகளைப் பதிந்து வந்தது. எவர் எந்த விமானத்தில் எத்தனை மணிக்கு எழுந்தார், எத்தனை மணிக்கு இறங்கினார், இறங்காதவர் எவர் என்பன அவற்றுள் உள்ளன. அவை இன்று இலண்டனைச் சேர்ந்த கியூ என்னுமிடத்திலுள்ள தேசிய சுவடிச்சாலையிற் பேணப்படுகின்றன. யப்பானியக் கடற்படை விமான அணிகளுக்கும் ‘கோடோ சோஷோ’ எனப்பட்ட நடவடிக்கைப் பேரேடுகள் இருந்தன. 1945 ஆகத்தில் யப்பான் சரணடைந்தபோது படையினர் தம் ஆவணங்களிற் பெரும்பகுதியைத் தீயிட்டு எரித்தனர். அத்தீயிலிருந்து தப்பிய இந்தப் பேரேடுகளில் விமானிகளின் பெயரும், புறப்பட்ட நேரமும், செலவிட்ட குண்டுகளின் தொகையும், மீளாதவர் பெயரும் காணப்படுகின்றன. இவற்றைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தவர் யசுஹோ இசாவா, தொழிலால் வைத்தியர். இக்குஹிக்கோ ஹாத்தா என்னும் சரித்திராசிரியருடன் சேர்ந்து யப்பானியக் கடற்படையின் போர் விமானிகளைப் பற்றி விரிவான நூல் எழுதியவர். ஷோர்ஸும், பிறையன் கல் என்பவரும், இந்த இசாவாவும் கூடித் தென்கிழக்காசியாவின் வானப் போரைப் பற்றி எழுதிய நூலின் முதலிரு பாகங்கள் 1992, 1993ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. ‘பிளடி ஷாம்பிள்ஸ்’ என்பது அதன் தலைப்பு. போர்வீரர் வாய்ச்சொல்லாகிய அதனைத் தமிழாக்கினால் நம் சஞ்சிகை ஆசிரியர் முகஞ்சுளிப்பார். ‘இரத்தக் களேபரம்’ என்று மென்மையாகக் கொள்வோம். அதன் இரண்டாம் பாகத்திலே நம் இலங்கையின் வானமும் வருகின்றது.

1942ஆம் ஆண்டு சித்திரை மாதத்தை நம் பாட்டன்மார் மறந்தாரல்லர். அட்மிரல் நகுமோவின் தலைமையில் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள் இந்து சமுத்திரத்தினுள் நுழைந்தன. ஏப்பிரில் 4ஆம் நாள், கொக்கலையிலிருந்து கற்றலீனா என்னும் கடல் விமானத்திற் சென்ற கனடிய அதிகாரி லெனாட் பேர்ச்சல் அக்கடற்படையைக் கண்டு கம்பியில்லாத் தந்தி மூலம் அறிவிக்கத் தொடங்கினார். அறிவித்து முடிப்பதற்குள் அவருடைய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. உயிர் தப்பிய அவர் யுத்தம் முடியுமட்டும் யப்பானியரின் கைதியாயிருந்தார். மறுநாள் உயிர்த்தஞாயிறு. ஏறத்தாழ 127 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. இரத்மலானையிற் பிரித்தானியரின் ஹரிக்கேன் விமானங்கள் எதிரி தலைக்குமேல் வந்தபின்னரே எழுந்தன. கொழும்புக் குதிரைப்பந்தயத் திடலில் அமைத்திருந்த மற்றொரு தளத்தை யப்பானியர் அறிந்திராமையால் அங்கிருந்தவை தடையின்றி எழுந்தன. திருகோணமலைச் சீனன்குடாவிலிருந்து வந்துகொண்டிருந்த சுவோட்பிஷ் என்னும் மெதுவான விமானங்கள் ஆறு, நேரந் தவறி அச்சுழலினுள் அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. அதே நாள் நடுப்பகலின் பின் டோசெற்சயர், கோண்வோல் என்னும் இரு போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன. 400க்கு மேற்பட்டோர் இறந்தனர்.

எதிரி விமானங்கள் இருபதுக்கு மேல் வீழ்ந்தன என்று அன்று சொல்லப்பட்டது. கலங்கியிருந்த சனங்களுக்கு அது பெரும் ஆறுதல். யுத்தம் முடிந்த பின்னும் நெடுங்காலம் அத்தொகையே வழங்கி வந்தது. யப்பானியக் கப்பல்களின் பேரேடுகளைப் பார்த்தாலோ, கொழும்புக்கு வந்து மீளாதவை ஏழு. ஒன்று போர் விமானம். ஆறு பாய்ந்து குண்டிடுவன. அவற்றில் இருந்தவர்களின் பெயர் கூட ஏட்டில் உண்டு. மறுபுறம், யப்பானிய விமானிகள் தாம் வீழ்த்தியதாகக் கூறிய தொகையும் பிரித்தானியருடைய 541ஆம் படிவத்தின் முன் சுருங்கிவிடுகின்றது. இரு தரப்பாரும் கூட்டியே எண்ணினர். இருவருடைய ஏட்டையும் பார்த்தவர்க்குத்தான் அது தெரிகின்றது.

ஏப்பிரில் 9ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பாற் கடலில் மூழ்கிற்று. அக்கப்பலில் மாண்டவர் 307 பேர். அன்று பிளெனம் வகைக் குண்டுவீச்சு விமானங்கள் ஒன்பது சென்று யப்பானியக் கடற்படையின் மேற் குண்டிட்டன. ஒரு குண்டும் கப்பலிற் படவில்லை. ஐந்து விமானங்கள் மீளவில்லை. சீனன்குடா எண்ணெய்த் தாங்கி ஒன்றின்மேல் யப்பானிய விமானி ஒருவன் வேண்டுமென்றே தன் விமானத்தை மோதினான் என்று அங்குச் செல்வோர்க்கு இன்றும் கூறப்படுகின்றது. உருகிய இரும்பு சான்றாக நிற்கின்றது. விமானம் வீழ்ந்ததற்கு இரும்பு சான்றாகலாம். வேண்டுமென்றே வீழ்ந்தான் என்பதற்கு அவ்விமானியின் உள்ளமே சான்று. அதனை எழுதிவைத்த பேரேடு இல்லை. இத்தகைய இடத்திற் சரித்திராசிரியன் பேனாவைக் கீழே வைத்துவிட வேண்டும்.

இவ்விடத்தில் மைக்கல் டொம்லின்சன் என்பவரையும் கூறாது விடுதல் நன்றன்று. பிரித்தானிய ஆகாயப்படையின் தகவல் அதிகாரியாய் அக்காலத்தில் இலங்கையிற் கடமையாற்றிய இவர், 1976இல் இப்படையெடுப்பைப் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். யுத்தத்தில் தமக்குப் பெரிதும் அச்சந்தந்த கணம் யப்பானியக் கடற்படை இலங்கையை நோக்கி வந்த அக்கணமே என்று சேர்ச்சில் பின்னர் ஒருமுறை கூறியதாகச் சொல்வர். அக்கூற்றிலிருந்தே நூலின் தலைப்பு பிறந்தது. தகவல் அதிகாரியின் வேலை, தளத்துக்கு மீண்ட விமானிகளை இருத்தி விசாரித்து, அழிந்தது, அழிந்திருக்கக் கூடியது, சேதமடைந்தது எனப் பகுத்தெழுதுதல். அவ்வகையில் இவர் ஏட்டைப் படித்தவர் மட்டுமல்லர். ஏடு பிறந்த இடத்தின் வழக்கத்தை உள்ளிருந்து அறிந்தவர். விமானிகளின் களைப்பும், மீளாதவரின் இருக்கையும், கொழும்பிலிருந்து சனங்கள் ஓடிய ஓட்டமும் அறிய வேண்டுவோர் டொம்லின்சனைப் படிக்க. எத்தனை வீழ்ந்தன என்று அறிய வேண்டுவோர் ஷோர்ஸையும் இசாவாவையும் படிக்க. இரண்டும் வேண்டும். ஆயினும் ஒன்றையே தெரிக என்று எம்மை வற்புறுத்தினால் நாம் பின்னையதையே தெரிவோம்.

வன்னியும் இந்த ஏடுகளில் இல்லாமற் போகவில்லை. அந்த யுத்தகாலத்திலேயே வவுனியாவில் விமானத்தளம் அமைக்கப்பட்டது. கப்பல்களைத் தாக்கும் போஃபோர்ட் வகை விமானங்களின் அணிகள் 1943, 1944ஆம் ஆண்டுகளில் அங்கு நின்றன. யப்பானியக் கடற்படை மீண்டும் வராமையால் அவற்றுக்குப் பெரும்பாலும் கடற்காவலே வேலையாயிற்று. காட்டையும் குளத்தையும் மட்டும் கண்டிருந்த வவுனியாவில் இங்கிலாந்து, அவுஸ்திரேலியா, கனடா ஆகிய தேசத்து இளைஞர் மலேரியாக் காய்ச்சலோடு காலங்கழித்தனர். அத்தளம் இன்று இலங்கை ஆகாயப்படையின் கையில் உள்ளது.

இறந்த ஒருவனுக்கு இவ்வகைச் சரித்திராசிரியர் செய்யத்தக்க உதவி என்ன என்பதற்கு அயல்நாட்டிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். 1965ஆம் ஆண்டு செப்டெம்பர் 7ஆம் நாள், இந்திய ஆகாயப்படையின் முதலாம் அணி, பாகிஸ்தானிலுள்ள சர்கோதா விமானத்தளத்தைத் தாக்கச் சென்றது. குடகு நாட்டைச் சேர்ந்த தேவய்யா என்னும் அதிகாரி மீளவில்லை. எவ்வாறு இறந்தார் என்பதை அவருடைய தோழர் எவரும் கண்டிலர். காணாமற் போனவர் என்றே எழுதினர். பதினான்கு ஆண்டுகள் சென்றன. 1979இல் ஜோன் ஃபிறிக்கர் என்னும் பிரித்தானிய எழுத்தாளர், பாகிஸ்தான் ஆகாயப்படை தந்த செய்திகளைக் கொண்டு, அப்படையைப் பெரிதும் புகழ்ந்து, அப்போரைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நூலிலே, சர்கோதாவின் அருகில் அன்று தம் அதிவேக ஸ்ரார்பைற்றர் விமானம் ஒன்றை, வேகத்தில் மிகக் குறைந்த இந்திய மிஸ்தேர் விமானம் ஒன்று எதிர்த்துப் பொருது வீழ்த்திற்று என்னும் செய்தி இருந்தது. ஸ்ரார்பைற்றரின் விமானி அம்ஜத் ஹுசைன் குதித்து உயிர் தப்பினார். மற்றை மிஸ்தேர்கள் யாவும் வேறு வகையிற் கணக்குத் தீர்ந்தவை. ஆகவே பொருதவர் தேவய்யாவே என்பது துணியப்பட்டது. 1988இல், இறந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, அவருக்கு மகா வீர சக்கரம் வழங்கப்பட்டது. பகைவன் தன் இழப்பை எழுதிவைத்தான். பகைவனைப் புகழ்ந்தெழுதியவர் அதனை அச்சிட்டார். அதனாற் குடகு நாட்டுக் குடும்பமொன்று தன் மகனுடைய முடிவை அறிந்தது. நட்பாளர் ஏட்டில் அஃது இருக்கவில்லை.

இனி வன்னிக்கு வருவோம். முல்லைத்தீவு செல்லும் வழியிற் கற்சிலைமடுவில் ஒரு கல் நாட்டப்பட்டிருந்தது. 1803ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் இவ்விடத்தருகே கப்டன் ட்றைபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார் என்பது அதன் வாசகத்தின் பொருள். பண்டாரவன்னியனைப் பற்றி நாம் நாடகம் நடிக்கின்றோம், சிலை வைக்கின்றோம். ஆனால் அப்போரின் நாளை நமக்கு அறிவித்தது வென்றவன் நாட்டிய கல்லே. வன்னியன் தரப்பில் ஓர் ஓலை எழுதப்பட்டிருந்தால், எத்தனை பேர் அவனோடு நின்றனர், எவர் வீழ்ந்தனர், எவர் தப்பினர் என்பதை அறிந்திருப்போம். ஒரு பேரேடு மட்டும் எஞ்சிய போருக்கு இஃது உதாரணம்.

அண்மைக்காலத்தில் வன்னியின் வானம் பட்ட பாட்டை இச்சஞ்சிகையைப் படிப்போர்க்கு நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1993இல் வந்த புக்காராவையும் 1996இல் வந்த கிபிரையும் ஓசையாலேயே பிரித்தறிந்தவர்கள் நாம். வேவு விமானத்துக்கு ‘வண்டு’ என்று பெயரிட்ட சிறுவர்க்கு எந்தத் தமிழாசிரியரும் உவமை கற்பித்திலர். பாடம் நடக்கும்பொழுதே பங்கருக்குள் இறங்கி, ஓசை அடங்கியபின் விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்ந்தோம். 2008ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் விடியற்காலம் வவுனியாப் படைத்தளம் தாக்கப்பட்டபோது, விடுதலைப்புலிகளின் சிறு விமானங்களும் அத்தாக்குதலில் வந்தன. அவற்றுள் ஒன்றை முல்லைத்தீவுக்கு மேல் வீழ்த்திவிட்டதாக அரசாங்கத் தரப்பு அறிவித்தது. இல்லை, யாவும் மீண்டன என்றது மற்றத் தரப்பு. 1940 செப்டெம்பர் 15இன் கதையே சிறு அளவில் நம் தலைக்குமேல் நிகழ்ந்தது. ஒரு தரப்பின் பேரேடு ஆகாயப்படையின் பெட்டகத்தில் இருக்கலாம். மற்றத் தரப்பினர் பேரேடு எழுதியிருந்தால், அது 2009க்குப் பின் எந்த மண்ணில் அல்லது எவர் கையில் உள்ளது? இரண்டையும் ஒரு மேசையில் வைக்க ஷோர்ஸ் போன்ற ஒருவரும், இசாவா போன்ற ஒருவரும் கூடி இருக்க வேண்டும். ஒருவர் சிங்களவராகவும் ஒருவர் தமிழராகவும் இருப்பின் மிக நன்று.

எனினும், ஷோர்ஸின் நூல்களில் நமக்குள்ள ஒரு குறையையும் மறையாது கூறுவோம். அவை விமானத்தின் இலக்கத்தையும் விமானியின் பெயரையும் தேடித் தேடித் தருவன. குண்டு எங்கு வீழ்ந்தது என்பதற்கு அந்நூல்களில் இடம் சிறிதே. 1942இல் கொழும்பைத் தாக்கிய நாளில் அங்கொடை மனநோயாளர் மருத்துவமனையிலும் குண்டு வீழ்ந்தது. அங்கிருந்தவர் இன்னின்னார் என்று விமான அணியின் ஏட்டில் எழுத ஒரு பத்தி கிடையாது. மேலே இருந்தவன் எழுதிய ஏட்டில் கீழே இருந்தவன் வருவதில்லை. அவ்விரண்டாம் பேரேட்டைக் கீழே இருந்தவனே எழுத வேண்டும்.

நம்மிடம் அத்தகைய பேரேடு உண்டா? உண்டு, அதற்கு அப்பெயரை நாம் இட்டதில்லை. பாடசாலையின் வரவு இடாப்பு ஒரு பேரேடு. அதிபர் எழுதும் சம்பவத்திரட்டுப் புத்தகம் மற்றொன்று. வைத்தியசாலை அனுமதிப் பதிவு, விதானையாரின் குடும்பப் பதிவு, நிவாரண அட்டை, ஆலயத்தின் திருவிழாக் கணக்கு ஆகிய யாவும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றை எழுதியவர் எவரும் சரித்திரம் எழுதுவதாக எண்ணவில்லை. அதனாலேயே அவை நம்பத்தக்கன. ஒரு நாள் இடாப்பில் முப்பத்தைந்து பேர் வந்ததாகவும் மறுநாள் நால்வர் வந்ததாகவும் இருந்தால், இடையே நிகழ்ந்தது யாதென்று கேட்கும் உரிமை ஆராய்ச்சியாளனுக்குப் பிறக்கின்றது. இடப்பெயர்வில் எத்தனையோ இடாப்புகள் அழிந்தன. எனினும் உரப்பையில் கட்டிக் கிணற்றடி கிணற்றடியாகக் காவிச் சென்று காத்த அதிபர்களும் உண்டு என்பதை நாம் அறிவோம்.

வாய்மொழியை ஏட்டோடு பொருத்துதலே இதில் அரிய பகுதி. நம் உயர்வகுப்பு மாணவர்க்குப் பயிற்சியாக, தத்தம் பெற்றோரிடம் ஒரு விமானத் தாக்குதலைப் பற்றிக் கேட்டு எழுதி வரச் சொன்னோம். கண்டது, ஓசையாற் கேட்டது, பிறர் சொன்னது என மூன்று பத்திகளாகப் பிரித்து எழுதுமாறு விதித்தோம். ஒரே ஊரைச் சேர்ந்த இரு மாணவியர் ஒரே குண்டுவீச்சை ஒரு மாத இடைவெளியுள்ள இரு நாட்களிற் குறித்து வந்தனர். ஒருத்தியின் தாய் அதனை வற்றாப்பளைப் பொங்கலுக்கு அடுத்த கிழமை என்றிருந்தார். மற்றவளின் தந்தை சிறுபோக அறுவடைக்குச் சற்று முன் என்றிருந்தார். ஆண்டைக் கேட்டறிந்து, பழைய பஞ்சாங்கத்தில் அவ்வாண்டின் வைகாசித் திங்களைப் பார்த்துப் பொங்கல் நாளைக் கணித்தோம். அறுவடை வயலுக்கு வயல் வேறுபடும், பொங்கல் வேறுபடாது. ஆகவே தாய் சொன்ன கிழமையை ஏற்றோம். மூன்றாம் பத்தியில் இருவரும் எழுதிவந்த இறந்தோர் தொகை ஒன்றுக்கொன்று இருமடங்காயிருந்தது. அதனை இரண்டாகவே விட்டுவைத்தோம். விதானையாரின் பதிவு கிடைக்குமட்டும் அவ்வாறே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கின்றோம். நான்காவதாக ஒரு பத்தியையும் கோடிட்டு வெறுமையாக வைத்துள்ளோம்: அவ்விமானம் எத்தளத்திலிருந்து எத்தனை மணிக்கு எழுந்தது என்பதற்கு. அது மற்றத் தரப்பின் ஏட்டிலிருந்து நிரம்ப வேண்டியது.

வெளிநாடுகளில் வாழும் நம் பழைய மாணவர் பலரிடம் அக்காலத்து நாட்குறிப்பும், கடிதமும், நிவாரண அட்டையும், பயண அனுமதிச் சீட்டும் இருக்கின்றன என்று கேள்விப்படுகின்றோம். மூலத்தைத் தாமே வைத்துக்கொண்டு, படியொன்றை எடுத்து, எழுதியவர் எவர், எவ்விடத்திலிருந்து எழுதினார், எந்நாள் என்னும் குறிப்போடு கல்லூரி நூலகத்துக்கு அனுப்பிவைப்பாராக. நாள் தெரியாவிடின் அருகே வந்த திருவிழாவின் பெயரைக் குறித்தாலும் போதும்.